கடற்கரைத் தெருவில் கடல் இல்லை

பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் 'லெபு பந்தாய்' என்று ஒரு தெரு. வெள்ளைக்காரன் காலத்துப் பெயர் பீச் ஸ்ட்ரீட். நம் வாயில் கடற்கரைத் தெரு. தூண் வைத்த வங்கிக் கட்டடங்கள் இருபுறமும் வரிசை கட்டி நிற்கும். நடுத்தெருவில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரியாது. கிழக்கே ஒரு குறுக்குத் தெருவில் இறங்கி, விக்டோரியா தெருவைக் கடந்து, வெல்ட் கீ என்கிற அகலச் சாலையையும் தாண்டினால்தான் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும்.

ஒரு காலத்தில் இந்தத் தெருவோரம்தான் அலை அடித்தது. சரக்கு இறக்க இடம் போதாமல் 1880களில் கடலைத் தூர்த்து நிலம் எடுத்தார்கள். அதுவரை கரையில் முடிந்துகொண்டிருந்த தெருக்கள் புது நிலத்தின் மேல் இன்னும் கொஞ்சம் நீண்டன. நீண்ட துண்டுக்கு மட்டும் தனிப் பெயர் வைத்தார்கள்: சைனா ஸ்ட்ரீட் காட், சர்ச் ஸ்ட்ரீட் காட், சூலியா ஸ்ட்ரீட் காட். காசியில் கங்கைப் படித்துறைக்குச் சொல்கிற அதே 'காட்'தான். இந்தியாவிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களோடு கப்பலேறி வந்த சொல். இன்றைக்கு அங்கே படியும் இல்லை, துறையும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

சென்னைக்காரனுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. நம் ராஜாஜி சாலைக்கும் ஒரு காலத்தில் 'ஃபர்ஸ்ட் லைன் பீச்' என்றுதான் பெயர். துறைமுகம் வந்தது, கடல் தள்ளிப் போனது. ஜார்ஜ் டவுன் என்ற பெயரும் நமக்கு உண்டு. நம்முடையது 1911இல் ஐந்தாம் ஜார்ஜுக்காக வைத்தது. அவர்களுடையது மூன்றாம் ஜார்ஜின் பெயரில், நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது.

நான் பினாங்குக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். 1998இல் ஒரு முறை, 2025இல் ஒரு முறை. நடுவில் 27 வருஷம். இரண்டு பயணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த ஊரின் கதையைக் கடல் விலகிய கதையாகத்தான் எனக்குச் சொல்ல வருகிறது.

முதல் முறை கோலாலம்பூரிலிருந்து இரவு ரயில். விடிகிற நேரத்தில் அக்கரையில், பட்டர்வொர்த்தில் இறக்கிவிட்டார்கள். தீவுக்குள் ரயில் கிடையாது. ஆனால் ரயில் நிலையம் உண்டு. வெல்ட் கீயில் மணிக்கூண்டோடு நிற்கிறதே, 1907இல் கட்டிய கட்டடம், அதுதான். தண்டவாளமே இல்லாத ஸ்டேஷன். ஒரு காலத்தில் டிக்கெட்டை அங்கே வாங்கிக்கொண்டு, பெர்ரியில் ஏறி அக்கரைக்குப் போய் வண்டியைப் பிடிக்க வேண்டும். இப்போது அது சுங்க இலாகா அலுவலகம்.

பெர்ரி அன்றைக்கு இரண்டு அடுக்கு. கீழே கார்கள், மேலே ஆட்கள். பணம் தீவுக்குப் போகும்போது மட்டும்தான் வாங்குவார்கள், திரும்பி வர இலவசம். தீவுக்குப் போனவன் என்றைக்காவது திரும்பித்தானே ஆக வேண்டும் என்ற கணக்கு. மேல்தளத்து மர பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு மலாய் அம்மாள் மடியில் பையோடு தூங்கிக்கொண்டிருந்தார். எதிரே சீனப் பள்ளிப் பிள்ளைகள். சீக்கிரமே முடிந்துபோகும் அந்தக் கடல் பயணத்தை யாரும் பயணமாகவே எண்ணவில்லை. பஸ்ஸில் போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒருத்தன்தான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, கிட்டே கிட்டே வருகிற ஊரை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கப்பலில் இறங்குகிறவனுக்கு ஊர் முகம் காட்டும்படிதான் அந்த நகரத்தைக் கட்டியிருந்தார்கள். கோட்டை, மணிக்கூண்டு, கிடங்குகள் எல்லாம் கடலைப் பார்த்து நின்றன. பின்னால் கொடிமலை, அதன் தலையில் மேகம். 65 மாடி கொம்தார் கட்டடம் மட்டும் யாரோ கொண்டுவந்து நட்டுவிட்டுப் போன மாதிரி தனியாக.

இரண்டாம் முறை சென்னையிலிருந்து நேரே விமானம். 2024 டிசம்பரில் தொடங்கிய சேவை. நாலு மணி நேரச் சொச்சத்தில் தீவின் தென்கோடியில் பாயான் லெப்பாசில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஊருக்குள் போக வாடகைக் கார். வழி நெடுக உயரக் குடியிருப்புகள், தொழிற்சாலைகள், வணிக வளாகங்கள். ஓட்டுநர் இளம் வயதுத் தமிழர். ஜார்ஜ் டவுனுக்குள் நுழைந்ததும், "இதாண்ணே ஹெரிடேஜ் ஏரியா" என்றார். மியூசியத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது போல இருந்தது. ஊரின் பின்வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பினாங் என்றால் மலாயில் பாக்கு. பாக்குத் தீவு. எதிர்க்கரை அன்றைக்குக் கெடா, ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி சொல்கிற கடாரம். சயாமுக்குப் பயந்த கெடா சுல்தான், பாதுகாப்புக் கிடைக்கும் என்று நம்பித் தீவைக் கம்பெனியிடம் விட்டார். கம்பெனி சார்பில் பிரான்சிஸ் லைட் 1786 ஜூலையில் வந்து இறங்கினார். தீவு கிடைத்தது, பாதுகாப்புக் கிடைக்கவில்லை. காட்டை வெட்ட ஆள் வராததால் லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டார், காசு பொறுக்கப் போனவர்கள் காட்டை வெட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் அவர் நிஜமாகச் செய்த வேலையும் கிட்டத்தட்ட அதுவே. இங்கே சரக்கு இறக்கினால் வரி கிடையாது என்று அறிவித்தார். காசைப் பார்த்துக் கப்பல்கள் வந்தன.

வந்தவர்களில் நம்மவர்கள் முன்வரிசை. சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகர்களை அங்கே சூலியர் என்றார்கள். ஆங்கிலேயருக்கு முன்பிருந்தே கெடாவோடு வியாபாரம் செய்துவந்தவர்கள். 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அவர்களுடைய தலைவர் காதர் மொஹிதீனின் பெயரைச் சுமக்கிறது. கெலிங் என்பது கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். ஒரு காலத்தில் 'இந்தியக் கரைக்காரர்' என்று மட்டும் பொருள். இன்றைக்கு அதே சொல்லை ஓர் இந்தியரைப் பார்த்துச் சொன்னால் சண்டை வரும். பள்ளிவாசலுக்கு மட்டும் மரியாதைக்குரிய பெயர். சொல்லுக்கும் இரண்டு காலம் இருக்கிறது.

கொஞ்ச தூரத்தில், சூலியாத் தெரு முனையில், நாகூர் ஆண்டவருக்கு ஒரு சின்னத் தர்கா. கடலேறுகிறவன் நாகூரில் நேர்ந்துகொண்டு, இக்கரையில் இறங்கியதும் நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டாமா? குயின் தெருவில் 1833இன் மகாமாரியம்மன் கோயில். பள்ளிவாசல் நிற்கும் தெருவிலேயே கருணை தேவதை குவான் யின்னின் சீனக் கோயில், அதன் ஊதுபத்திப் புகை. அந்தப் பக்கம் 1818இன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். ஒரே தெருவை ஒட்டி நாலு மதம். இன்றைய சுற்றுலாக் கையேடுகள் இதற்கு 'நல்லிணக்கத் தெரு' என்று பெயர் கொடுத்திருக்கின்றன. கட்டியவர்கள் நல்லிணக்கத்தை நினைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள். இறங்குதுறைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது, கட்டினார்கள்.

அன்றைய பினாங்கைத் தமிழ்நாட்டோடு கட்டி வைத்திருந்த கயிறு கப்பல். 1926இல் கட்டிய ரஜூலா ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கில் டெக் பயணிகள். பாயும் தகரப் பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாக, ஏறக்குறைய ஒரு வாரம். ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக் காவல் வேறு. அதற்குப் பிறகுதான் ஊருக்குள் கால் வைக்க முடியும். வந்தவர்களில் நகரத்தார் பினாங்குத் தெருப் பக்கம் கிட்டங்கிகளில் தங்கினார்கள். கிட்டங்கி வீடும் இல்லை, கடையும் இல்லை. நீளக் கூடம், ஆளுக்கொரு பெட்டி, பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை. இந்த உலகத்தைத் தமிழில் எழுத்தாக்கியவர் ப. சிங்காரம். 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில் மெடானும் பினாங்கும் நமக்கு மதுரை போலவே பழகிப்போகும். நான் பினாங்குக்குப் போகும் முன்பே அந்த ஊரில் நடந்திருந்தேன் என்றால் அவரால்தான்.

எம்டனையும் சொல்லாமல் விடக்கூடாது. 1914 செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்டு, முரட்டு ஆளுக்கெல்லாம் 'எம்டன்' என்று பட்டம் கொடுக்க வைத்த அதே ஜெர்மன் கப்பல், அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து, நங்கூரமிட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்துவிட்டுப் போனது. அன்றைக்குக் கடல் ஊருக்கு எவ்வளவு கிட்டே இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கயிறு அறுந்தது 1985இல். ரஜூலாவுக்குப் பின் ஓடிக்கொண்டிருந்த சிதம்பரம் கப்பல் அந்தப் பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். அதோடு தமிழ்நாட்டுக் கரைக்கும் மலாயாக் கரைக்கும் இடையிலான பயணிகள் கப்பல் முடிந்துபோனது. அதே ஆண்டில்தான் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் 13.5 கிலோமீட்டர் பாலம் திறந்தது. ஒரே வருஷத்தில் நீள வாக்கில் கடலும் போயிற்று, குறுக்கு வாக்கில் கடலும் போயிற்று. 2014இல் 24 கிலோமீட்டரில் இரண்டாவது பாலம். பழைய இரண்டடுக்குப் பெர்ரிகள் 2020 கடைசி நாளோடு ஓய்ந்தன. 2023இல் வந்த புதுப் பெர்ரிகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறலாம், கார் ஏறாது. 2025இல் அதில் ஏறினேன். குளிர்சாதனம், சுத்தமான இருக்கை. என்னைச் சுற்றி எல்லாரும் போனில் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் போகிற முகம் ஒன்றுகூட இல்லை.

துறைமுகம் பாலத்துக்கும் முன்பே போய்விட்டது. 1969இல் தீர்வையில்லாத் துறைமுகம் என்ற சலுகையை அரசாங்கம் எடுத்துவிட்டது. 1970களில் கன்டெய்னர்கள் வந்து சரக்கு பட்டர்வொர்த் பக்கம் நகர்ந்தது. படகிலிருந்து மூட்டை தூக்கியவர்களுக்கும் தொங்கான் என்கிற சரக்குப் படகு ஓட்டியவர்களுக்கும் வேலை இல்லை. ஊரைத் தூக்கி நிறுத்தியது பாயான் லெப்பாஸ். 1972இல் அங்கே தொழிற்பேட்டை தொடங்கி, இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கேதான் வைத்தது. கிராமத்து மலாய்ப் பெண்களும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் நுண்நோக்கியில் கண்ணை வைத்துச் சிப்பு ஒட்டினார்கள். தீவின் சம்பாத்தியம் கிழக்குக் கரையிலிருந்து தெற்கே விமான நிலையத்துப் பக்கம் போய்விட்டது. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இப்போது வருபவை உல்லாசக் கப்பல்கள். காலையில் இறங்குகிறார்கள், சாயங்காலம் ஏறுகிறார்கள்.

துறைமுகம் போனபின்னும் ஊர் பிழைத்திருந்ததற்குக் காரணம் ஒரு வாடகைச் சட்டம். 1966இல் வந்தது. போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையைக் கட்டிப்போட்டது. வீட்டுக்காரனுக்கு நஷ்டம். பழுது பார்க்க மாட்டான், ஓடு ஒழுகும், சுவரில் அரசமரம் முளைக்கும். ஆனால் குடியிருப்பவன் போக மாட்டான். 1998இல் நான் பார்த்தது அந்த ஜார்ஜ் டவுனைத்தான். கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியாக ஓடும் நடை, அங்கே அதற்கு அஞ்சடி என்று பெயர். அஞ்சடியில் ஒருவர் பிரம்பு முடைந்துகொண்டிருந்தார். அடுத்த வீட்டில் பெயர்ப்பலகையில் சீன எழுத்துச் செதுக்கல். அதற்கடுத்து சொங்கோக் தொப்பி தைக்கும் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர். வழியை மறித்துத் துணி காயும். மேல்மாடி ஜன்னலில் ஒரு பாட்டி. ஊர் அழுக்குத்தான். நடக்கவே இடமில்லாமல் சைக்கிளும் சாமானும். அதை இன்றைக்கு அழகு என்று நான் எழுதினால் அங்கே ஒழுகும் கூரைக்குக் கீழே படுத்தவர் என்னை அடிக்க வருவார்.

சட்டம் 1997இல் ரத்தானது. இரண்டு வருஷத்துச் சலுகைக் காலம் முடிந்து 2000 பிறந்தபோது வாடகைகள் எகிறின. பிரம்புக்காரரும் பாட்டியும் தீவின் உள்ளே எங்கேயோ அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். காலியான கடைவீடுகளில் சில காலம் யார் குடியிருந்தார்கள் தெரியுமா? குருவிகள். உழவாரன் இனத்துக் குருவியின் எச்சில் கூடு சீனர்களுக்கு விலையுயர்ந்த சூப்பு. ஜன்னலைச் செங்கல்லால் அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தைப் போட்டு, பறவைகளை வரவழைத்துக் கூடு கட்ட வைத்தார்கள். மனிதர் வெளியேறிய வீட்டிலிருந்து இரவு பகலாகப் பதிவு செய்த கீச்சொலி. பிறகு பாரம்பரியப் பகுதியில் அதற்குத் தடை வந்து, குருவிகளையும் காலி செய்தார்கள்.

2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. அதற்குப் பின் ஓட்டை மாற்றலாம், ஓட்டின் வகையை மாற்றக்கூடாது. ஜன்னலுக்கு வண்ணம் அடிக்கலாம், ஜன்னலை எடுக்கக்கூடாது. வீடுகள் பிழைத்தன. எல்லாவற்றுக்கும் விதி இருந்தது, வாடகைக்கு இருந்தவரைக் காப்பாற்ற மட்டும் விதி இல்லை. இந்த முறை போனபோது தொப்பிக் கடை இருந்த வரிசையில் காப்பிக் கடை. பழைய சுவரை வேண்டுமென்றே பாதி உரித்து, உள்ளே செங்கல் தெரிய விட்டிருந்தார்கள். ஒரு காப்பி 14 வெள்ளி. ரிங்கிட்டை நம்மவர்கள் இன்றும் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். அஞ்சடி பளிச்சென்று இருந்தது. நடக்க இடம் தாராளம்.

ஆர்மீனியன் தெருவில் 2012இல் லித்துவேனிய ஓவியர் ஏர்னெஸ்ட் ஸஹாரெவிச் வரைந்த 'சைக்கிளில் இரு குழந்தைகள்' இருக்கிறது. சுவரில் குழந்தைகள், சுவரோடு ஒட்டி நிஜமான பழைய சைக்கிள். நல்ல ஓவியம்தான், குறை சொல்ல மாட்டேன். அதோடு நின்று படம் எடுக்க வெயிலில் ஒரு வரிசை. நானும் நின்றேன், 20 நிமிஷம். முதல் முறை வந்தபோது அந்தச் சுற்றுவட்டாரத்தில் நிஜச் சைக்கிளில் நிஜக் குழந்தைகள் என் காலில் மோதப் பார்த்தன. வரிசையில் யாரும் நிற்கவில்லை.

வெல்ட் கீயின் சீனக் குலத் துறைகளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். கடலுக்குள் கம்பு நட்டு, மேலே பலகை போட்டுக் கட்டிய வீடுகள். சூ குலத்துக்கு ஒன்று, லிம், டான், லீ, இயோ என்று குலத்துக்கொரு துறை. நிலத்தில் இல்லாததால் நிலவரி இல்லை என்பார்கள். கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்குப் படகு ஓட்டியவர்கள். கோய் துறையையும் பெங் ஆன் துறையையும் 2006இல் இடித்துவிட்டார்கள். இரண்டு வருஷம் பொறுத்திருந்தால் யுனெஸ்கோ வந்திருக்கும். சூ துறை இன்று சுற்றுலாத்தலம். வாசலில் துரியான் ஐஸ்கிரீம், கதவில் 'இது வீடு, உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள்' என்ற அட்டை.

சாப்பாட்டின் கதை வேறு மாதிரிப் போயிற்று. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நாசி கண்டார். நாசி சோறு. கண்டார் என்றால் தோளில் கம்பு வைத்துச் சுமப்பது, நம் காவடி போல. ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் குழம்புச் சட்டிகள். விடியும் முன் தமிழ் முஸ்லிம் வியாபாரி அதைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு நடப்பார். மூட்டை தூக்கப் போகிறவன் ஏதாவது ஒரு மரத்தடியில் அவரைச் சுற்றி உட்கார்ந்து, நாள் முழுக்கத் தாங்கும்படி சாப்பிட்டுவிட்டுப் போவான். சோறு, மீன் குழம்பு, வெண்டைக்காய், முட்டை. அவ்வளவுதான் ஆரம்பத்தில். மூட்டைத் தொழிலாளிக்கு எதைத் தனியாக, எதைச் சேர்த்து என்று நிதானமாகச் சாப்பிட நேரமில்லை. எல்லாக் குழம்பையும் ஒரே சோற்றில் ஊற்றிவிடுவது வழக்கமாயிற்று. இன்றைக்கும் அதுதான் ருசி. மீன் குழம்பு, கோழி, இறைச்சி, பருப்பு என்று கரண்டி கரண்டியாக விழுந்து கலந்து, எதன் சுவை என்று பிரித்துச் சொல்ல முடியாத ஐந்தாவது குழம்பு ஒன்று தட்டில் பிறக்கும். 'பஞ்சிர்' என்று கேட்டால் சோறு மூழ்க ஊற்றுவார்கள். மலாயில் பஞ்சிர் என்றால் வெள்ளம். நம் வீட்டில் இப்படிக் குழம்புகளைக் கலந்தால் பாட்டி கையைத் தட்டிவிடுவாள்.

கம்பு தோளிலிருந்து இறங்கி எத்தனையோ காலமாயிற்று. மரத்தடி சந்துக் கடையானது, சந்துக் கடை இருபத்து நாலு மணி நேர உணவகமானது, உணவகம் நாடு முழுக்கக் கிளை விட்டது. கண்டார் என்ற பெயர் மட்டும் தோளை மறக்கவில்லை. துறைமுகம் போனபோது தொழிலாளியோடு போயிருக்க வேண்டிய சோறு, ஆபீஸ்காரனைப் பிடித்தது, மாணவனைப் பிடித்தது, பாயான் லெப்பாஸ் இரவு ஷிப்டைப் பிடித்தது, கடைசியில் சுற்றுலாக்காரனையும் பிடித்துவிட்டது. யாரும் அதைப் பட்டியலில் ஏற்றிப் பாதுகாக்கவில்லை. ஊரை விட்டுப் போகாமல், ஆள் போன பக்கமெல்லாம் தானும் போயிற்று.

மற்றவையும் இப்படித்தான். அஸ்ஸாம் லக்சா என்பது கானாங்கெளுத்தியும் புளியும் சேர்ந்த புளிப்புச் சாறில் தடித்த அரிசி நூடுல்ஸ். மேலே காந்தான் பூவும் கருத்த இறால் விழுதும். முதல் வாய்க்கு மீன் குழம்பு என்று தோன்றும், இரண்டாம் வாய்க்கு வேறெங்கோ போய்விடும். சார் குவே தியாவ் என்கிற தட்டை நூடுல்ஸ் வறுவல் அனல் இரும்புச் சட்டியில், ஒரு தடவைக்கு ஒரு தட்டு. இடியாப்பம் புட்டு மாயமாகவும் ஆப்பம் அப்போமாகவும் சைக்கிளில் சுற்றுகின்றன. 2016இல் மாநில அரசு, தெருக்கடைகளில் உள்ளூர் உணவுகளை வெளிநாட்டவர் சமைக்கக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. ருசி கெட்டுவிடுமாம். புரிகிறது. ஆனால் காவடிக் கம்போடு இறங்கிய அந்த முதல் ஆளிடம் இந்த விதியைக் காட்டியிருந்தால் இன்றைக்குப் பாதுகாக்க என்ன இருந்திருக்கும்?

மலையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, அது நல்லபடியாக இருக்கிறது. கொடிமலைக்கு 1923இலிருந்து இழுவை ரயில். முதல் முறை போனபோது பாதி மலையில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. முக்கி முனகி அரைமணி நேரம். ஜன்னலுக்கு வெளியே பெரணியும் குரங்கும் மெதுவாக நகரும். 2011இல் புது ரயில், சில நிமிஷத்தில் உச்சி. காது அடைத்துக்கொள்கிறது, பெரணியைக் காணவில்லை. மலைக்காட்டையும் தாவரவியல் தோட்டத்தையும் சேர்த்து 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கியிருக்கிறது. மேற்கே பாலிக் புலாவில் துரியானும் ஜாதிக்காயும். ஆங்கிலேயர் தோட்டம் தோட்டமாகப் போட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவில் நோய் விழுந்து அழிந்த ஜாதிக்காய், இப்போது கண்ணாடி டம்ளரில் ஐஸ் போட்ட சாறாக வருகிறது.

மலையடிவாரத்தில் தண்ணீர்மலை முருகன். படி 500க்கு மேல். தைப்பூசத்துக்கு நகரத்தாரின் வெள்ளி ரதம் ஊருக்குள்ளிருந்து தண்ணீர்மலைச் சாலைக் கோயிலுக்குப் போகும். 1894இல் வந்தது. வழியெங்கும் தேங்காய் மலை. குவிப்பவர்களில், உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். 2017 முதல் மலைக்கோயிலின் தங்க ரதமும் வேலைச் சுமந்து தனியாகப் போகிறது. எந்த ரதம் முன்னால், எது பின்னால் என்ற பேச்சு ஊரில் இன்னும் ஓயவில்லை. ஒரு விஷயத்தில் மக்கள் சண்டை போடுகிறார்கள் என்றால் அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். சுவரோவியத்துக்கு யாரும் சண்டை போட்டு நான் பார்க்கவில்லை.

கடலோ இன்னும் விலகிக்கொண்டிருக்கிறது. தீவின் தெற்கே கடலைத் தூர்த்துச் சிலிக்கான் ஐலண்ட் என்று ஒரு செயற்கைத் தீவு எழுகிறது. மூன்று தீவுகள் என்று திட்டம் போட்டு, ஒன்றாகக் குறைத்து, 2023இல் வேலை தொடங்கினார்கள். அந்தக் கரையின் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். பெரிய மண் குவியலை மாலை வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தேன். 1880களில் வெல்ட் கீயும் யாருக்கோ இப்படித்தான் தெரிந்திருக்கும்.

கடைசி இரவு பதினோரு மணிக்கு, சூலியாத் தெருப் பக்கம் ஒரு நாசி கண்டார் கடை. பரிமாறிய பையனுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். நான் வாயைத் திறந்ததும், "அண்ணே ஊர்லேருந்தா?" என்றான். ராமநாதபுரம் மாவட்டம், கடலோரக் கிராமம். வந்து பதினாலு மாசம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏறினால் விடியற்காலை மூன்று மணிவரை வேலை, பிறகு கடைக்குப் பின்னாலேயே அறை, எட்டுப் பேர்.

"நம்மூர்ல வாசல்லயே கடல்ணே. இங்க தீவுன்னாங்க. இன்னும் கடலையே பாக்கல."

"இந்தத் தெருவிலேயே நேரே கிழக்கே நட. பீச் ஸ்ட்ரீட் வரும், அங்கேயிருந்து..."

"பீச் ஸ்ட்ரீட் வரைக்கும் போயிருக்கேண்ணே, ஊருக்குப் பணம் அனுப்ப," என்றான், கோழிக் குழம்புக் கரண்டியை என் தட்டின் மேல் நிறுத்திக்கொண்டு. "அங்க கடல் இல்லையே."